அன்னவாசல் ரோட்டில் நின்ற வண்டி

அன்னவாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்திருப்போம். வண்டி இழுக்க மறுத்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்ததே தவிர ஏறவில்லை. இன்ஜின் குலுங்கிக் குலுங்கி அடங்கியது. உருள்கிற வேகம் தீர்வதற்குள் ஓரம் கட்டிவிட்டேன்.

வெயில் ஏறாத காலை நேரம். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. இன்ஜின் சத்தம் நின்றதும் எங்கோ ஆடு கத்துவது கேட்டது. சூடான டீசல் நாற்றம் கேபினுக்குள் வந்தது.

பக்கத்து சீட்டில் இருந்த இந்திராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே பார்த்தபடி இருந்தார்.

"இங்கதான் அண்ணே," என்றார். "அன்னைக்கும் மொதத் தடவ இந்த எடத்துலதான் நின்னுச்சு. பின்னால பாய விரிச்சுப் படுக்க வச்சிருந்தோம். தலை என் மடியில இருந்துச்சு. ஏன் நின்னுருச்சுன்னு அவுக கேட்டாக. அப்பப் பேச்சு நல்லாத்தான் இருந்துச்சு."

அவுக என்றது அவர் வீட்டுக்காரர் கருப்பையாவை. நெஞ்சுவலியோடு இதே வண்டியில், இதே ரோட்டில் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டவர், உயிரோடு போய்ச் சேரவில்லை.

கோளாறு கண்ணெதிரே வந்து நின்றால் மெக்கானிக்குக்கு உள்ளூர ஒரு குஷி வரும். எனக்கும் வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது செத்துப்போனது.

பானட்டை நான் திறக்கவில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். பிறகு சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காததுபோல வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அன்றைக்கும் இப்படித்தான் ஆனது என்று மட்டும் சொன்னார். திருக்கோகர்ணத்தில் என் பட்டறைக்கு வந்து சேர்ந்தோம்.

வந்தவர் கேட்டது

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நாசில் அடைப்பைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "இரும்பைப் பற்றியே எழுதுகிறீர்களே, கொஞ்சம் மனிதர்களையும் கொண்டுவரக்கூடாதா" என்று கேட்டிருந்தார். கொண்டுவருகிறேன். சிரிப்பும் கும்மாளமுமான மனிதர்களைத்தான் கேட்டார் என்றால், இந்த வாரம் அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். எனக்குக் கோபமில்லை.

இது நடந்து ரொம்ப காலம் ஆகிவிடவில்லை. சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேரையும் ஊரையும் மாத்திருங்க, போதும். எங்க ஊர்ல யாரு பத்திரிகை படிக்கிறா" என்றார். மாற்றிவிட்டேன். வண்டி எந்தக் கம்பெனி என்பதும் வேண்டாம். பழைய டீசல் பிக்கப். பெயின்ட் வெளுத்து, பின் தட்டில் ஆட்டுப்புழுக்கை வாடை போகாத வண்டி.

இந்திராணி என் பட்டறைக்கு முதலில் வந்தபோது வண்டி இல்லாமல்தான் வந்தார். இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி, டவுன் பஸ் மாறி வந்திருந்தார். டீசல் பம்ப் பட்டறைக்குப் பெண்கள் தனியாக வருவது அபூர்வம். யாராவது டிரைவருக்குச் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த லாரிக்காரர்கள் எல்லாம் போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார்.

கதையைக் கோர்வையாகத்தான் சொன்னார். எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி அந்தக் கோர்வை வந்ததோ. கருப்பையா அந்த பிக்கப்பை வைத்துத்தான் பிழைத்தார். சந்தைக்கு ஆடு, களத்துக்கு வைக்கோல்கட்டு, கல்யாண வீட்டுக்குச் சமையல் பாத்திரம். ஒரு விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். கருப்பையாதான் காத்திருக்க வேண்டாம், நம் வண்டியிலேயே போய்விடலாம் என்றார். மகன் சுதாகர் ஓட்டினான். அன்னவாசல் தாண்டி நின்றது. காத்திருந்து கிளப்பினான். மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்றபோது பின்னால் வந்த கார்க்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

இதற்கு முந்தின நாள் சாயங்காலம் சுதாகர் ஒரு வேலை செய்திருந்தான். வண்டி கொஞ்ச நாளாகவே வழியில் நின்று நின்று கிளம்புகிறது என்று, செல்போனில் வீடியோ பார்த்துத் தானே டீசல் ஃபில்டரை மாற்றியிருந்தான். அப்பாவுக்குப் பெருமை. "நம்ம வீட்டுலயே மெக்கானிக் இருக்கான்டி" என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த ஃபில்டர்தான் இப்போது பழியாகப் பையனின் கழுத்தில் தொங்கியது. இருபத்திரண்டு வயசுப் பையன், பாலிடெக்னிக் முடித்தவன். வீட்டில் பேசுவதில்லை, வண்டிப் பக்கமே திரும்புவதில்லை.

"பேசாட்டாக்கூடப் பரவால்ல அண்ணே," என்றார் இந்திராணி. "பொழுதன்னைக்கும் கெணத்துமேட்டுல போயி உக்காந்திருக்கான். கூப்புட்டா வாரேன்ங்கிறான், வரமாட்டேங்கிறான். எனக்கு ஈரக்கொலை நடுங்குது."

வண்டியை ரிப்பேர் பண்ணவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஏன் நின்றது என்று பார்த்துச் சொன்னால் போதும் என்றார். எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"அவன் மாட்டுனதுதான் காரணம்னா, எங்கிட்ட மட்டும் சொல்லுங்க," என்றார்.

பந்தலுக்குக் கீழே

ஃபில்டரைச் சொன்னது யார் என்று கேட்டேன். கருப்பையாவின் தம்பி. பையனுக்குச் சித்தப்பா. பிணத்தை எடுப்பதற்கு முன்பே, பந்தலுக்குக் கீழே சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஃபில்டர மாட்டத் தெரியாம மாட்டி ஏர் பிடிச்சுப்போச்சு, இல்லாட்டி அண்ணன் பொழச்சிருப்பாரு" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார். பையன் அப்போது பக்கத்தில்தான் நின்றிருக்கிறான்.

நம் பக்கத்துச் சாவு வீடுகளில் பறை ஒரு பக்கம் முழங்கும், விசாரணை ஒரு பக்கம் நடக்கும். எதற்கு அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள்? மாத்திரையை யார் எடுத்துக் கொடுத்தது? முந்தின நாள் பரோட்டா தின்றாராமே, வாங்கிக் கொடுத்தது யார்? டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு ஆளாளுக்குத் துருவுவார்கள். கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், அது நம் வீட்டுக்கு வராது என்று ஒரு நிம்மதி. நானும் அந்தச் சேர்களில் உட்கார்ந்து பேசியவன்தான்.

எங்கள் வீட்டிலேயே நடந்தபோதுதான் அதன் கூர்மை தெரிந்தது. என் அக்கா வீட்டுக்காரர் தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அன்றைக்குப் பந்தலில் ஒருவர் மெதுவாகத்தான் கேட்டார்: "இளநி வேணும்னு கேட்டது யாரு?" கேட்டது அக்கா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அக்கா இன்றுவரை தன் வாயால் இது வேண்டும், அது வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. சோற்றுக்கு உப்புக்கூடக் கேட்கமாட்டாள்.

அதனால்தான் அந்த வேலைக்கு ஒத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன். மறுநாளே பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். வீட்டோரம் வண்டி நின்றது. அன்றைக்கு நடுவழியில் விட்டதை யாரோ ஓட்டிவந்து போட்டதோடு சரி, டீசல்கூட அடியில் கிடந்தது கிடந்தபடி இருந்தது. நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். இந்திராணியும் கூட வருவேன் என்று ஏறிக்கொண்டார். பையன் கிணற்றுமேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் சொன்ன காட்சி அந்தப் பயணத்தில் நடந்ததுதான்.

டீசல் வருகிற வழி

வண்டி நின்றால் நம் ஆட்கள் முதலில் சொல்வது, "பம்ப் போச்சு." பம்ப் பாவம். தொண்ணூறு பழிக்கு அது ஆளாகிறது, பத்துக்கூட அதன் குற்றமாக இருக்காது.

டீசல் வருகிற வழி எளிதானது. டேங்குக்குள் ஒரு குழாய் இறங்கியிருக்கும். அது வழியாக டீசலை உறிஞ்சுவது சின்ன பம்ப். ஃபீட் பம்ப் என்போம். அங்கிருந்து ஃபில்டர். ஃபில்டரில் வடிகட்டி, பெரிய பம்புக்குப் போகும். அது அழுத்திக் கொடுக்க, நாசில் வழியாக இன்ஜினுக்குள் பீச்சும். இந்த வழியில் எங்கே அடைத்தாலும், எங்கே காற்று புகுந்தாலும் வண்டி நிற்கும்.

ஆனால் நின்ற வண்டி சும்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் தானாகக் கிளம்புகிறது என்றால், யோசிக்க வேண்டும். காற்று புகுந்திருந்தால் அப்படிக் கிளம்பாது. கைப்பம்பை அடித்துக் காற்றை எடுத்தால்தான் கிளம்பும். அன்னவாசல் ரோட்டிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. பாதி புரிந்ததை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கக்கூடாது என்பதால் பேசாமல் வந்தேன்.

டேங்க் மூடியைத்தான் முதலில் பார்த்தேன். மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை இருக்கும். ஒரு முறை ஆலங்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர், குலுக்கலில் டீசல் சிந்துகிறது என்று அந்தத் துளையை எம்-சீல் போட்டு அடைத்துவிட்டு, டிராக்டர் நடு வயலில் நிற்கிறது என்று ஒரு போகம் முழுக்க அழுதார். பம்பை இரண்டு பட்டறையில் பிரித்து மாட்டியாகிவிட்டது. நான் மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்றை இழுத்தது. ஊசியால் துளையைக் குத்திவிட்டேன். "இதுக்குத்தானா?" என்று என் மேல்தான் கோபப்பட்டார்.

இந்த வண்டியில் மூடி சரியாக இருந்தது. கைப்பம்ப் அமுக்கினால் கெட்டியாக நின்றது; காற்று இருந்தால் தொளதொளக்கும். ஃபில்டருக்கும் பெரிய பம்புக்கும் நடுவில் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். டீசல் பச்சைத் தேன் மாதிரி ஒரு குமிழி இல்லாமல் ஓடியது. ஃபில்டரில் மட்டும் நான் கை வைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டது அதுதான். அதை நான் இறுக்கிவிட்டு, பிறகு சரியாக இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

அடுத்து ஒரு கேனில் டீசல் நிரப்பி, கேபினுக்குப் பின்னால் கட்டினேன். டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்கு ஒரு குழாய் கொடுத்தேன். இப்போது டேங்க் வழக்கில் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே. பையன் மாட்டிய ஃபில்டரும் அவன் மாட்டியபடியே.

ஓட்டினேன். அன்னவாசல் போயிற்று, இலுப்பூர் போயிற்று. நிற்கவில்லை. பிடிவாதமாகக் கொடும்பாளூர்வரை விட்டேன். கோயில் பார்க்கக் கூட்டம் ஏற்றிவந்த வேன்காரன் ஒருவன் என் கேனையும் குழாயையும் பார்த்து, "அண்ணே, வண்டிக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். டீ குடித்துவிட்டு அதே வழியில் திரும்பினேன். ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

மறுநாள் இந்திராணி வந்ததும், மகன் மாட்டிய ஃபில்டரில் ஒரு குறையும் இல்லை, அதோடுதான் கொடும்பாளூர் போய் வந்தேன் என்று சொன்னேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இத்தனை வருடத் தொழிலில் அவ்வளவு நிறைவான நிமிடம் எனக்கு வாய்த்ததில்லை. அது கொஞ்ச நேரந்தான் இருந்தது.

போன் போட்டுப் பையனிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். வாயால் சொன்னால் நம்பமாட்டான், ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பான், காரணத்தைக் கையில் எடுத்துக் காட்டவேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான். டேங்கை இறக்கிப் பார்த்துவிடுவோம், நீங்களும் இருந்து பாருங்கள் என்றேன். நானாகத்தான் சொன்னேன்.

டேங்கை இறக்கினோம்

அடியில் கிடந்த டீசலை வடித்தேன். பட்டையைக் கழற்றி டேங்கைத் தரையில் இறக்கி, மேல் மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினேன். உறிஞ்சும் குழாயின் நுனியில் இருக்கவேண்டிய சல்லடை நல்லபடியாகத்தான் இருந்தது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். மூலையில் மஞ்சளாக ஏதோ ஒட்டிக்கிடந்தது. கம்பியை வளைத்துத் தூண்டில் மாதிரி விட்டு இழுத்தேன்.

ஒரு துணி. அதற்குள் பிளாஸ்டிக் காகிதம். இரண்டும் டீசலில் ஊறிக் கொழகொழவென்று இருந்தன. டேங்க் நிறைய டீசல் இருக்கும்வரை இது தன் பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். டீசல் குறைந்தால் இழுப்புக்கு நகர்ந்துவந்து குழாயின் வாயில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு அடைத்து இன்ஜின் நிற்கும். நின்றதும் இழுப்பு போய்விடும், துணி விலகிவிடும். மறுபடி ஸ்டார்ட் ஆகும். எல்லாம் பொருந்தியது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முன்பு வேலை பார்த்த எந்த மெக்கானிக்கோ துடைத்த துணியை உள்ளே விட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். என் வாய் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும். எந்த மூதேவி இதைப் போட்டானோ, அவனெல்லாம் சோறுதான் தின்கிறானா, ஒரு உயிரைக் கொன்றுவிட்டு எங்கே நிம்மதியாகத் தூங்குகிறானோ என்று, துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொரிந்து தள்ளினேன்.

பேசி முடித்த பிறகுதான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சாம்பலாகியிருந்தது.

"அத இங்கிட்டுத் தாங்க அண்ணே," என்றார்.

கொடுத்தேன். பிளாஸ்டிக்கைப் பிரித்தார். உள்ளே திருநீறு. களிமண்போல இறுகியிருந்தது.

"நாந்தான் போட்டேன்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். மாசி மாசம் கோடாங்கியிடம் குறி கேட்கப் போயிருக்கிறார். வண்டி ஓட்டுபவருக்கு ஒரு கண்டம் இருக்கிறது என்று உடுக்கை அடித்துச் சொல்லிவிட்டு, திருநீற்றை மந்திரித்துக் கொடுத்து, வண்டியில் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார் கோடாங்கி. கருப்பையாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முன்பு எலுமிச்சம்பழம் கட்டினால் அறுத்து எறிந்திருக்கிறார். சீட்டுக்கு அடியில் வைத்த மந்திரத் தகட்டைக் கண்டுபிடித்துக் குப்பையோடு அள்ளி வெளியே போட்டிருக்கிறார். அவர் கை படாத இடம் வண்டியில் எது என்று யோசித்துப் பார்த்து, அவர் குளிக்கப் போன நேரத்தில் இந்திராணி டேங்க் மூடியைத் திறந்து உள்ளே போட்டிருக்கிறார். டீசலில் கரைந்துவிடக்கூடாது என்று பிளாஸ்டிக்கில் சுற்றி, மெழுகுவத்தியில் காட்டி ஓரத்தை ஒட்டி, மஞ்சள் துணியில் முடிந்து. டேங்க் வாயில் இருக்கவேண்டிய வலை எப்போதோ கிழிந்துபோயிருந்தது.

பிறகு மறந்துவிட்டார். வண்டி நிற்க ஆரம்பித்தபோதும் ஞாபகம் வரவில்லை. சாமி திருநீறு வண்டியை நிறுத்தும் என்று யாருக்குத் தோன்றும்?

நான் சொன்ன வார்த்தைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

ஒரு பொய் போதும்

எனக்கு என் அக்காதான் கண்முன் வந்தாள். பட்டறை மூலையில் செத்துப்போன ஃபீட் பம்ப் எத்தனையோ கிடக்கிறது. அதில் ஒன்றை எடுத்து, இதுதான் கெட்டது, எந்த நேரமும் போகக்கூடியது, யாராலும் முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடியாது என்று பையனிடம் நானே காட்டுகிறேன் என்றேன். துணியை இப்போதே அடுப்பில் போட்டுவிடுவோம், நம் இருவரோடு போகட்டும்.

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"பம்புன்னு சொன்னா, அத ஏன் கழட்டிப் பாக்கலன்னு மருகிக்கிட்டே கெடப்பான். எதச் சொன்னாலும் அவன் பாக்காம விட்டதாத்தான் ஆகும். இது ஒண்ணுதான் அவன் பாத்திருக்க முடியாதது."

அவர் என் போனை வாங்கி மகனை வரச்சொன்னார். என்ன ஏது என்று சொல்லவில்லை.

மத்தியானம் தாண்டித்தான் சுதாகர் வந்தான். மெலிந்த பையன், தாடி. டேங்க் தரையில் கிடப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டான். நான் உள்ளே போய்விடலாம் என்று எழுந்தேன். இந்திராணி இருக்கச் சொன்னார். துணியை உள்ளங்கையில் விரித்து மகனிடம் நீட்டி, என்னிடம் சொன்னதை அதே வரிசையில் சொன்னார். குரல் உடையவில்லை. கடைசியில் நான் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார்: ஃபில்டரில் குறையில்லை, அதோடே கொடும்பாளூர் போய்வந்தார் இந்த மாமா.

பையன் என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்பாவுக்குத் தெரியுமாம்மா, நீ போட்டது?" என்றான்.

"தெரியாது."

அவன் அப்படியே டேங்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிறகு அழுதான். அப்பா செத்த அன்றைக்குக்கூட அவன் அழவில்லை என்று அவர் முன்பு சொல்லியிருந்தார். அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதான். இந்திராணி அவனைத் தொடவில்லை. தொடுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாதவர்போல, கையில் துணியோடு கொஞ்ச தூரத்தில் நின்றுகொண்டே இருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. நானும் அழுதேன்.

வீட்டுக்குப் போனதும் சித்தப்பாவைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் தானே சொல்லிவிடுவதாக அவர் சொன்னார். பையன் எழுந்துபோய்க் குழாயில் முகத்தைக் கழுவிவிட்டு வந்தான். டேங்கைக் கழுவி மாட்ட எனக்குக் கை கொடுத்தான். போல்ட் முடுக்குவதில் சுத்தம் இருந்தது. ஒருமுறை முடுக்கியதை மறுபடி தொட்டுப் பார்க்கிற ஆள். அம்மாவை முன் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, சாவி வாங்குகிற சாக்கில் என்னிடம் திரும்பி வந்தான்.

"மாமா, எங்க சித்தப்பா கண்டிப்பா ஒங்ககிட்ட வந்து கேப்பாரு," என்றான். "ஃபில்டர் நான் சரியா மாட்டலன்னே சொல்லிருங்க."

எதற்கு என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சா போதும் மாமா. ஊருக்கு நாந்தான்னு இருக்கட்டும். அம்மா அங்கனயே இருந்தாகணும்ல."

அம்மா ஒத்துக்கொள்ளமாட்டாரே என்றேன். பேசிக்கொள்கிறேன் என்றான். என்ன பேசினான், அவர் எப்படி ஒத்துக்கொண்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. வண்டி கிளம்பி மெயின் ரோட்டில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

வந்தார் சித்தப்பா

அவன் சொன்னபடியே அவர் வந்தார். வெயில் சுட்டெரித்த ஒரு நாள். வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. தன் டிராக்டரைப் பற்றி ஏதோ கேட்பதுபோல ஆரம்பித்து, அண்ணன் வண்டியை நீங்கள்தானே பார்த்தீர்கள் என்றார். ஆமாம் என்றேன். என்னதான் கோளாறு என்றார்.

என் கையில் ஒரு நாசில் இருந்தது. துடைத்ததையே மறுபடி துடைத்தேன். பட்டறையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஃபில்டரைச் சரியாக மாட்டவில்லை, அதில் காற்று புகுந்துவிட்டது என்று சொன்னேன். நாற்பது வருடமாகக் கோளாறு பார்க்கிறேன். ஒரு கோளாறுக்கு நான் தெரிந்தே தப்பான காரணம் சொன்னது அது ஒன்றுதான்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. அந்த மனுஷனின் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் இருந்தது. சின்ன வயசில் ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன் செத்திருக்கிறார். பந்தலில் தான் சொன்ன வார்த்தை தப்பாகிவிடக்கூடாதே என்ற கவலைதான் இவருக்கு இத்தனை நாளாக இருந்திருக்கிறது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல," என்றார், பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "பயலுக்கு வேலை தெரியாது. அவங்க ஆத்தா பாவம், அது இன்னும் அவன உக்கார வச்சுச் சோறு போடுது."

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பைக்கைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போனார்.